தண்ணீருக்கு அடியில் பார்த்த பயிற்சியாளர்

(உடற்கல்வி ஆசிரியர்களும் நீச்சல் பயிற்சியாளர்களும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நீச்சல் குளத்தின் கரையில் நிற்கிற பயிற்சியாளர் எதைப் பார்க்கிறார்? தலை தெரிகிறது. தோள் தெரிகிறது. கை மேலே வந்து, மறுபடி தண்ணீருக்குள் போவது தெரிகிறது. ஆனால் உடம்பை முன்னே தள்ளுகிற வேலை முழுக்க நடப்பது தண்ணீருக்குள்ளே. அங்கே அவர் கண்ணுக்கு எட்டுவது நுரைதான். ஓட்டப் பயிற்சியாளருக்கு இந்தச் சங்கடம் இல்லை. கால் எங்கே ஊன்றுகிறது, முட்டி எவ்வளவு உயர்கிறது என்று எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். நீச்சல் பயிற்சியாளர் பாதியைப் பார்த்து மீதியை ஊகிக்க வேண்டியிருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் பெரும்பாலும் அப்படித்தான் நீச்சல் கற்றுக்கொடுத்தார்கள். கண்ணால் கண்டதைச் சொன்னார்கள். காணாததையும் அதே உறுதியோடு சொன்னார்கள்.

அந்த ஊகத்தோடு நின்றுவிட மறுத்த ஒருவரைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். ஜேம்ஸ் கவுன்சில்மன். அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் 1957 முதல் 1990 வரை ஆண்கள் நீச்சல் அணியின் பயிற்சியாளராக இருந்தவர். முனைவர் பட்டம் வாங்கியவர் என்பதால் 'டாக்' என்றே கூப்பிட்டார்கள். நீச்சல் உலகத்தில் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. அவர் வாங்கிக் குவித்த வெற்றிகளைப் பட்டியல் போட்டால் அதற்கே இந்த மாலைப் பொழுது சரியாகிவிடும். அவற்றை ஓரளவுக்குச் சொல்கிறேன். எனக்கு அவர் முக்கியமானவராகத் தெரிவது வேறு காரணத்துக்காக. தன்னிடம் வந்த நீச்சல்காரன் எப்படி நீந்துகிறான் என்பதை முதலில் பார்த்தார், பிறகு சொல்லிக்கொடுத்தார். தான் எழுதிவைத்ததற்கு மாறாக ஒன்று கண்ணில் பட்டபோது, எழுதியதைத் திருத்தினார்.

1920 டிசம்பரில் அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாமில் பிறந்தார். வளர்ந்தது செயின்ட் லூயிஸ் நகரத்தில். தாய் தனியாக நின்று இரண்டு பிள்ளைகளை ஆளாக்கிய வீடு அது. அந்த ஊர் ஒய்.எம்.சி.ஏ. குளத்தில் ஒரு பயிற்சியாளர் அவரைக் கைதூக்கிவிட்டார். ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் மைக் பெப்பியிடம் பயின்று, பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கில் தேசிய சாம்பியன் ஆனார். நடுவில் உலகப் போர் வந்தது. பி-24 குண்டுவீச்சு விமானத்தை ஓட்டினார், வீரப் பதக்கம் பெற்றார், திரும்பிவந்து விட்ட படிப்பை முடித்தார். பிறகு இல்லினாய் பல்கலைக்கழகத்தில் முதுகலை; 1951-ல் அயோவா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம்.

அயோவாவைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அங்கே தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர் டேவிட் ஆம்புரூஸ்டர். இன்று நாம் பட்டர்ஃப்ளை என்று சொல்கிற நீச்சல் முறை 1930-களில் உருவானதில் பெரும் பங்கு அவருடையது. அவருக்கு உதவியாளராக இருந்துகொண்டே கவுன்சில்மன் ஆய்வும் செய்தார். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் தங்கம் வென்ற வால்டர் ரிஸ், அயோவா குளத்தில் அவர் பயிற்சி கொடுத்தவர்களில் ஒருவர். கவுன்சில்மன் ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட கேள்வி எளிமையானது. கிராலில் ஒரு கை முன்னே நீண்டு சற்றுச் சறுக்கிக் காத்திருக்க வேண்டுமா, அல்லது இரண்டு கைகளும் இடைவெளி விடாமல் மாறி மாறி இழுக்க வேண்டுமா? அந்தக் காலத்துப் பயிற்சியாளர்கள் தத்தம் கட்சியை விட்டுக்கொடுக்காமல் வாதாடிய விஷயம் இது. அவர் நீச்சல்காரரைக் கருவியோடு பிணைத்து, உந்துவிசையை அளந்து பார்த்தார். வாதாடுவதற்குப் பதில் அளப்பது: அந்தப் பழக்கம் அங்கே தொடங்கியது.

பிறகு நியூயார்க் மாநிலத்தில் கார்ட்லாண்ட் என்ற சிறிய ஆசிரியர் கல்லூரி. பெரிய பெயர் இல்லாத இடம், பெரிய வீரர்கள் தேடி வராத இடம். அங்கேதான் ஜார்ஜ் பிரீன் அவரிடம் வந்து சேர்ந்தார். இந்தப் பெயரை உங்களில் மூத்தவர்கள் கேள்விப்பட்டிருக்கலாம். சிறுவயதிலேயே போட்டி நீச்சலில் இறங்கியவர் இல்லை அவர். ஏறத்தாழ வளர்ந்து ஆளான பிறகுதான் போட்டிக்கே வந்தார். உதைப்பதோ மிகக் குறைவு. ஒரு முழுச் சுற்றுக்கு ஆறு உதை என்று எல்லோரும் பாடம் நடத்திய காலத்தில் பிரீனுக்கு இரண்டே உதைதான். பார்த்தவுடன் திருத்தத் தோன்றும். நம்மில் யாராக இருந்தாலும் முதல் நாளே பலகையைக் கையில் கொடுத்து, உதை பழகச் சொல்லியிருப்போம். கவுன்சில்மன் அப்படியே விட்டுவிட்டார். நீண்ட தூரத்துக்கு நீந்துகிறவன் காலுக்குச் செலவழிக்கும் மூச்சை மிச்சம் பிடிக்கிறானே, அது அவன் உடம்புக்கு ஒத்துப்போகிறதே என்று யோசித்தார். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் 1500 மீட்டர் தகுதிச்சுற்றில் 17 நிமிடம் 52.9 விநாடியில் நீந்தி உலக சாதனை படைத்தார் பிரீன். இறுதிப் போட்டியில் ஆஸ்திரேலியாவின் மர்ரே ரோஸும் ஜப்பானின் யமனாக்காவும் முந்திக்கொள்ள, வெண்கலம் கிடைத்தது. இன்றைக்கு நீண்ட தூர நீச்சல்காரர்களில் இரட்டை உதைக்காரர்கள் ஏராளம்.

அடுத்த ஆண்டு இண்டியானா. ப்ளூமிங்டன் என்ற ஊர். கடல் கிடையாது, கலிஃபோர்னியாவைப் போல வருஷம் முழுக்கத் திறந்தவெளியில் நீந்தவும் முடியாது. அங்கே போய் நாட்டின் தலைசிறந்த நீச்சல் அணியைக் கட்டினார்.

கல்லூரிப் பயிற்சியாளரின் நிலைமையைச் சொல்லாவிட்டால் இது எவ்வளவு கடினம் என்பது விளங்காது. கிளப் பயிற்சியாளரிடம் ஒரு பிள்ளை எட்டு வயதில் வந்து பத்து வருஷம் இருக்கும். கல்லூரியில் நான்கே ஆண்டுகள். மாணவன் வருவான், வேறு யாரோ கற்றுக்கொடுத்த பழக்கங்களோடு வருவான், அவற்றில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று தீர்மானிப்பதற்குள் ஒரு வருஷம் ஓடிவிடும், முழுதாகக் கனிகிற வேளையில் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுவான். அடுத்த வருஷம் மறுபடி முதலிலிருந்து. இத்தனைக்கும் நடுவில் அவன் படிக்கவும் வேண்டும். தனிநபர் வெற்றியும் போதாது. இன்னொரு கல்லூரியோடு மோதும்போது முதல் இடத்துக்கு மட்டுமின்றி அடுத்த இடங்களுக்கும் புள்ளி உண்டு, டைவிங் புள்ளியும் அதே கணக்கில் சேரும். இண்டியானாவில் டைவிங்கைக் கவனித்துக்கொண்டவர் ஹோபி பில்லிங்ஸ்லி. நியூட்டன் விதிகளை வைத்துக் குதித்தலைக் கற்பித்தவர். ஒரே ஊரில் இப்படி இருவர் அமைந்தது அந்தப் பல்கலைக்கழகத்தின் நற்பேறு.

வந்த சில வருஷங்களிலேயே பெரிய அடி விழுந்தது. பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணி ஆள் சேர்த்ததில் விதிமீறல் என்று 1960-ல் தண்டனை வந்தது. தண்டனை கால்பந்துக்கு மட்டும் என்று நிற்கவில்லை. எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்துத் தேசியக் கல்லூரிச் சாம்பியன்ஷிப்பின் கதவை நான்கு ஆண்டுகள் சாத்திவிட்டார்கள். நீச்சல் அணி எந்தத் தப்பும் செய்யவில்லை. அந்த நான்கு ஆண்டுகள் ஒரு மாணவனின் முழுக் கல்லூரி வாழ்க்கை. அந்தச் சமயத்தில் இண்டியானாவில் இருந்த அணிதான் நாட்டிலேயே வலிமையானது என்று போட்டி அணிகளே ஒத்துக்கொண்டன. 1960 ரோம் ஒலிம்பிக்கில் 200 மீட்டர் பட்டர்ஃப்ளையில் தங்கம் வென்ற மைக் ட்ராய் இண்டியானா மாணவர்தான். கல்லூரிப் பட்டம் கிடைக்கவில்லை என்றாலும் திறந்த தேசியப் போட்டிகளில் நீந்தினார்கள், உலக சாதனைகளைத் தகர்த்தார்கள். இன்றுவரை இதைப் படிக்கும்போது எனக்கு மனம் ஆறவில்லை. யாரோ செய்த தவறுக்குக் குளத்தில் இருந்த பிள்ளைகள் கொடுத்த விலை அது.

அந்தக் கூட்டத்தில் ஒருவர்தான் செட் ஜஸ்ட்ரெம்ஸ்கி. ஒஹாயோவின் டொலிடோ நகரத்துப் பிள்ளை, பிரெஸ்ட்ஸ்ட்ரோக்காரர். அப்போதைய பிரெஸ்ட்ஸ்ட்ரோக் உதை எப்படி இருந்தது தெரியுமா? முட்டிகளை அகல விரித்து, கால்களை நன்றாகப் பரப்பி, பிறகு இரண்டையும் நெருக்கிச் சேர்ப்பார்கள். இரண்டு காலுக்கும் நடுவில் சிக்கிய தண்ணீர் பிதுங்கிப் பின்னால் போவதால் உடம்பு முன்னே போகிறது என்பது அந்தக் காலத்து விளக்கம். கவுன்சில்மன் இதை நம்பவில்லை. உள்ளங்காலும் காலின் உட்பக்கமும் தண்ணீரைப் பின்னோக்கித் தள்ளுவதுதான் உந்துகிறது. அகல விரிக்கிற முட்டி தண்ணீரைத் தடுத்து வேகத்தைக் குறைக்கிறது. ஆகவே முட்டிகளை நெருக்கமாக வைத்து, பாதங்களை மட்டும் வெளியே திருப்பி, சாட்டை சொடுக்குவது போன்ற ஓர் உதை. கையை அதிகம் அகட்டாமல் விரைவாகச் சுழற்றுவது. 1961-ன் ஒரே கோடையில் 100 மீட்டர் உலக சாதனையை ஜஸ்ட்ரெம்ஸ்கி திரும்பத் திரும்ப முறியடித்து 1 நிமிடம் 7.5 விநாடிக்குக் கொண்டுவந்தார். அந்தக் கோடை தொடங்கும்போது அது 1 நிமிடம் 11 விநாடிக்கு மேலே இருந்தது. நீச்சலில் நான்கு விநாடி என்பது என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் 100 மீட்டர் பிரெஸ்ட்ஸ்ட்ரோக் ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டதே 1968-ல்தான். 1964 டோக்கியோவில் ஜஸ்ட்ரெம்ஸ்கி 200 மீட்டரில் வெண்கலம் பெற்றார். பிறகு மருத்துவம் படித்து, 1976-ல் அமெரிக்க ஒலிம்பிக் அணிக்கே மருத்துவராகப் போனார். இன்று எந்தக் குளத்திலாவது ஒரு சிறுமி பிரெஸ்ட்ஸ்ட்ரோக் பழகினால் அவள் உதைப்பது அந்த நெருங்கிய உதையைத்தான்.

இனி, நான் தொடக்கத்தில் சொன்ன நுரைக்கு அடியில் போவோம்.

தண்ணீருக்கு அடியில் படம் எடுப்பதைக் கவுன்சில்மன் தன் அன்றாட வேலையாகவே வைத்துக்கொண்டார். படத்தை மெதுவாக ஓட்டிப் பார்ப்பது, நிறுத்துவது, மறுபடி பார்ப்பது. அதிலும் அவர் செய்த ஒரு காரியம் அருமையானது. குளத்தை இருட்டாக்கிவிட்டு, நீச்சல்காரரின் கையில் சின்ன மினுக்கு விளக்கைக் கட்டி நீந்தவிட்டார். கேமராவின் கண்ணைத் திறந்தபடியே வைத்தார். படத்தில் ஆள் தெரியமாட்டார். கறுப்புத் திரையில் புள்ளி புள்ளியாக ஒளிக்கோடு மட்டும் விழும். கை தண்ணீரில் போன வழி அது. புள்ளிகள் நெருங்கியிருந்தால் கை மெதுவாகப் போயிருக்கிறது, விலகியிருந்தால் வேகம்.

துடுப்பு போலக் கையை நேராகப் பின்னால் இழு என்பதுதான் அதுவரை எல்லோரும் சொன்ன பாடம். நியூட்டனின் மூன்றாம் விதிதானே. தண்ணீரைப் பின்னால் தள்ளினால் உடம்பு முன்னால் போகும். கோடு நேராக விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. வளைந்து வளைந்து, உள்ளே வந்து, வெளியே போய், கீழே இறங்கி மேலே ஏறியது. அதைவிட வியப்பு, நல்ல நீச்சல்காரர்களின் கை தண்ணீருக்குள் நுழைந்த இடத்துக்குப் பக்கத்திலேயே வெளியே வந்தது. சிலருக்கு இன்னும் முன்னாலேயே வந்தது. நேராகப் பின்னால் இழுத்திருந்தால் அப்படி நடக்காது. அவர்களில் ஒருவரைக் கேட்டிருந்தாலும் நேராகத்தான் இழுக்கிறேன் என்று சத்தியம் செய்திருப்பார். உடம்பு தானாகக் கண்டுபிடித்ததை வாய் அறியவில்லை.

1968-ல் 'நீச்சலின் அறிவியல்' என்ற அவருடைய புத்தகம் வெளிவந்திருந்தது. பல மொழிகளில் பெயர்க்கப்பட்டு, பயிற்சியாளர்கள் கையில் பாடநூலாகவே புழங்கிய நூல். அதில் உந்துதலை விளக்க அவர் முக்கியமாகச் சார்ந்திருந்தது நியூட்டனை. புத்தகம் கொடிகட்டிப் பறந்துகொண்டிருந்த சமயத்திலேயே, பிரவுன் என்ற சக ஆய்வாளரோடு சேர்ந்து புதிய விளக்கத்தை முன்வைத்தார். கை துடுப்பாக வேலை செய்யவில்லை, கப்பலின் சுழலித் தகடு போல வேலை செய்கிறது; சாய்ந்த கோணத்தில் தண்ணீரை வெட்டிக்கொண்டு போகும்போது பெர்னூலி தத்துவப்படி தூக்குவிசை பிறக்கிறது என்றார். விமானம் ஓட்டியவருக்கு இறக்கையின் தூக்குவிசை புதிதில்லை அல்லவா.

இதோடு கதையை நிறுத்தினால் நான் நேர்மையாகப் பேசியதாகாது. பெர்னூலி விளக்கம் கொஞ்ச காலம் உலகெங்கும் வேதவாக்காக இருந்தது. எல்லாக் குளத்திலும் கையை 'எஸ்' வடிவத்தில் வளைக்கச் சொல்லிப் பிள்ளைகளைப் பழக்கினார்கள். பிந்தைய ஆய்வாளர்கள், அந்த விளக்கம் போதாது, தண்ணீரின் இழுவிசைக்கும் பெரிய பங்கு உண்டு என்று காட்டினார்கள். வளைவில் ஒரு பகுதி, உடம்பு பக்கவாட்டில் உருள்வதால் தானாக வருவது. இன்று விரைவு நீச்சல்காரர்கள் பலர் முழங்கையை உயர்த்தி, ஏறக்குறைய நேராகவே இழுக்கிறார்கள். ஆகவே டாக்கின் விளக்கம் திருத்தப்பட்டது. அவர் எடுத்த படங்கள் திருத்தப்படவில்லை. அவரைப் பின்பற்றியவர்களில் பலர் படம் எடுப்பதை விட்டுவிட்டு முடிவை மட்டும் எடுத்துக்கொண்டார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம்.

அன்றாடப் பயிற்சியையும் பார்த்துவிடுவோம். தடகளத்தில் வளர்ந்திருந்த இடைவெளிப் பயிற்சியை நீச்சலில் ஒழுங்காகப் புகுத்தியவர்களில் அவர் முன்னோடி. பத்து முறை நூறு மீட்டர், ஒன்றரை நிமிடத்துக்கு ஒருமுறை கிளம்பு. ஒரு நிமிடம் பத்து விநாடியில் வந்துசேர்ந்தால் உனக்கு இருபது விநாடி ஓய்வு. இப்படி இருபது பேர் நீந்தும்போது ஒரு ஸ்டாப்வாட்ச்சை வைத்துக்கொண்டு என்ன செய்வது? குளத்தோரம் பெரிய விநாடி முள் கடிகாரம் வைப்பதைப் பரப்பினார். நீச்சல்காரன் தலையைத் தூக்கித் தன் நேரத்தைத் தானே படித்துக்கொள்வான். பயிற்சியாளரின் கண்ணுக்கு விடுதலை. அவர் இப்போது கையைப் பார்க்கலாம், காலைப் பார்க்கலாம். பயிற்சியில் குறித்த நேரத்துக்குள் நீந்தியவனுக்கு ஜெல்லி பீன் மிட்டாய்ப் பை பரிசு. உலக சாதனையாளர்கள் அந்த மிட்டாய்க்காக உயிரைக் கொடுத்து நீந்தினார்கள்.

மார்க் ஸ்பிட்ஸ் அவரிடம் வந்தது 1969 ஜனவரியில். அதற்கு மூன்று மாதம் முன்பு மெக்சிகோ ஒலிம்பிக்கில் ஆறு தங்கம் வெல்வேன் என்று சொல்லிவிட்டு, தனிப்போட்டியில் ஒரு தங்கம்கூட இல்லாமல் திரும்பியவர். ரிலேயில் இரண்டு தங்கம் கிடைத்தது; 200 மீட்டர் பட்டர்ஃப்ளை இறுதியில் கடைசி இடம். அணித் தோழர்களுக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. பதினெட்டு வயது. பத்திரிகைகள் கிழித்துத் தொங்கவிட்டிருந்தன. இப்படி ஒரு பிள்ளை வந்து நின்றால் பயிற்சியாளர் கை வைக்க வேண்டிய இடம் எது? ஸ்பிட்ஸின் பட்டர்ஃப்ளையில் திருத்த அதிகம் இல்லை. அவருக்கு வேண்டியிருந்தது தன்னை ஏற்றுக்கொள்கிற ஓர் அணி, பழையதைக் கிளறாத ஓர் இடம். ப்ளூமிங்டனில் அது கிடைத்தது. பல் மருத்துவத்துக்கான படிப்பு, காலையும் மாலையும் குளம், சனிக்கிழமைகளில் கல்லூரிக்காகப் போட்டி. கடைசி ஆண்டில் அணித் தலைவர்களில் ஒருவரானார். 1972 மியூனிக்கில் ஏழு தங்கம், ஏழும் உலக சாதனை.

அந்தப் புகழில் பங்கு கேட்க வேறு இருவருக்கும் உரிமை உண்டு. சிறுவனாக அவரை வளர்த்த ஷெர்ம் சாவூர், சான்டா கிளாராவில் செதுக்கிய ஜார்ஜ் ஹெய்ன்ஸ். மியூனிக்கில் அமெரிக்க ஆண்கள் அணியின் தலைமைப் பயிற்சியாளராகவும் கவுன்சில்மன் போகவில்லை. அது பீட்டர் டாலண்ட். ஒரு வீரனைப் பலர் சேர்ந்துதான் உருவாக்குகிறார்கள். இந்த அவையில் பள்ளிக் குளத்தில் சின்னப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறவர்கள் இருக்கிறீர்கள். சாவூரின் பெயரை நினைவில் வையுங்கள்.

வெற்றிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1968 முதல் 1973 வரை தொடர்ந்து ஆறு தேசியக் கல்லூரிப் பட்டங்கள். 1961 முதல் 1980 வரை பிக் டென் என்ற கல்லூரிக் கூட்டமைப்பில் இருபது ஆண்டு தொடர் பட்டம். ஏழாவது தேசியப் பட்டம் 1974-ல் தென் கலிஃபோர்னியாவிடம் ஒரே ஒரு புள்ளியில் கைநழுவியது. ஒலிம்பிக் ஆண்கள் அணிக்கு 1964-லும் 1976-லும் தலைமைப் பயிற்சியாளர். 1976 மான்ட்ரியலில் ஆண்கள் பிரிவில் இருந்த 13 தங்கங்களில் 12 அமெரிக்காவுக்கு. தவறிய ஒன்று 200 மீட்டர் பிரெஸ்ட்ஸ்ட்ரோக். வென்றவர் பிரிட்டனின் டேவிட் வில்க்கி, அவரும் அமெரிக்காவில் மயாமி பல்கலைக்கழகத்தில் பழகியவர். அந்த மான்ட்ரியலில்தான் இண்டியானா மாணவர் ஜிம் மான்ட்கோமரி 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலை 49.99 விநாடியில் நீந்தி, ஐம்பது விநாடித் தடையை முதன்முதலாக உடைத்தார். மூன்றே வாரத்தில் தென்னாப்பிரிக்காவின் ஜோன்டி ஸ்கின்னர் அதை 49.44 ஆக்கினார். இனஒதுக்கல் காரணமாக அந்த நாட்டுக்கு ஒலிம்பிக்கில் இடம் இல்லை.

இந்தப் பெயர்களில் ஒரு பெண்கூட இல்லை என்பதை இங்கே உட்கார்ந்திருக்கும் மாணவிகள் கவனித்திருப்பீர்கள். தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் பெண்களுக்கான நீச்சல் சாம்பியன்ஷிப்பைத் தொடங்கியதே 1982-ல். டாக்கின் பொற்காலத்தில் அந்தக் குளத்தின் உழைப்பும் பணமும் ஆண் பிள்ளைகளுக்கே போயின. அந்தக் காலத்துப் பெரிய குறை அது. அவருடைய சாதனையைச் சொல்லும்போது இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

1979 செப்டம்பரில், 58 வயதில், இங்கிலீஷ் கால்வாயை நீந்திக் கடந்தார். 13 மணி 7 நிமிடம். அதுவரை கடந்தவர்களில் மூத்தவர் அவரே. நம் குற்றாலீஸ்வரன் 1994-ல் சிறுவனாகக் கடந்த அதே கால்வாய்; அதன் குளிரும் நீரோட்டமும் எப்படிப்பட்டவை என்று அப்போது நம் பத்திரிகைகளில் நிறையப் படித்தோம். வாழ்நாள் முழுக்க மற்றவர்களைத் தண்ணீரில் இறக்கியவர், அந்த வயதில் தானே இறங்கி, வலி எங்கே தொடங்குகிறது, மனம் எப்போது தளர்கிறது என்று அறிந்து வந்தார். பிந்தைய ஆண்டுகளில் பார்க்கின்சன் நோய் பிடித்தது. 1990-ல் ஓய்வு. நோயோடு போராடிக்கொண்டே மகன் பிரையனோடு சேர்ந்து பழைய புத்தகத்தைப் புதுக்கி 1994-ல் வெளியிட்டார். 2004 ஜனவரியில் ப்ளூமிங்டனில் காலமானார்.

பயிற்சியாளர்களாகிய உங்களிடம் ஒரு வேண்டுகோள். டாக் அத்தனை பாடுபட்டுச் செய்ததை இன்று செய்ய, தண்ணீர் புகாத உறை போட்ட ஒரு செல்போன் போதும். வருகிற வாரம் உங்கள் அணியில் மிக வேகமாக நீந்துகிற பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். திருத்தம் தேவைப்படுகிறவர்களிடம் பிறகு போகலாம். பக்கவாட்டிலிருந்து ஒரு முறை, நேர் எதிரிலிருந்து ஒரு முறை, தண்ணீருக்கு அடியில் படம் எடுங்கள். தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எதுவும் சொல்வதற்கு முன்னால் படத்தை அந்தப் பிள்ளையிடமே காட்டி, என்ன தெரிகிறது என்று கேளுங்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி எடுத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிப் பாருங்கள். நீங்கள் வழக்கமாகக் கற்பிப்பதற்கும் படத்தில் தெரிவதற்கும் வேற்றுமை இருந்தால், அடுத்த கூட்டத்துக்கு அந்தப் படத்தோடு வாருங்கள். எல்லோரும் சேர்ந்து பார்ப்போம்.